ஞாயிறுதோறும் 20 பைட்: ஜவுளிக்கடை சர்வரில் வாராந்திர வேலைகளைச் சரிசெய்தது

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே ஜவுளிச் சந்தை வாராவாரம் திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் மாலை வரை நடக்கும், கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று வெளி வியாபாரிகள் வந்து சரக்கு எடுப்பார்கள், அதனால் கடையின் வேலை முழுக்க அந்தச் சந்தையைச் சுற்றியே அமைந்திருக்கும். சர்வரில் நான் ஓடவிட்டிருந்த தானியங்கி வேலைகளும் அப்படித்தான். ஞாயிறு அதிகாலை டேட்டாபேஸ் பேக்கப். திங்கள் மாலை 5 மணிக்கு, சந்தைக்குக் கிளம்பும் முன், எந்த ரகம் எத்தனை பீஸ் இருக்கிறது என்ற இருப்புப் பட்டியல். இரண்டும் கிரான் மூலம், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் நிரல் மூலம், ஓடுபவை. பழைய சர்வரில் வருடக்கணக்காக ஒழுங்காக ஓடியவை.

சில மாதம் முன்பு எல்லாவற்றையும் புது விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றுக்கு மாற்றினேன். உபுண்டு 22.04. பழைய கிரான்டேபை, அதாவது கிரானின் வேலைப் பட்டியலை, அப்படியே எடுத்துப் போட்டேன், பேக்கப் ஸ்கிரிப்டைக் கையால் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன், 38 எம்பி ஃபைல் வந்தது, சரி என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை கணக்குப் பார்க்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, ஒரு பார்ட்டியோட லெட்ஜரைத் தெரியாம அழிச்சுட்டேனுங்க. ஞாயித்துக்கிழமை பேக்கப்புல இருந்து எடுத்துக் குடுத்துருங்க." பத்து நிமிஷ வேலை என்று சொல்லிவிட்டு சர்வருக்குள் போனேன். பேக்கப் ஃபோல்டரில் ஒன்பது ஃபைல் இருந்தன, ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒன்று, தேதியெல்லாம் சரி. அளவு மட்டும் ஒன்பதிலும் ஒரே எண்: 20. எம்பி இல்லை, கேபி இல்லை, 20 பைட்.

உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஜிசிப் (ஃபைலைச் சுருக்கும் கட்டளை) செய்தால் வரும் அளவு அது. தலைப்புக்கு 10 பைட், வெற்று உள்ளடக்கத்துக்கு 2, கடைசியில் சரிபார்ப்புக்கும் நீளத்துக்கும் 8. இப்போது எந்த சர்வரில் 20 பைட் ஜிசிப் ஃபைலைப் பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்கிவிடுகிறது.

அதைவிட மோசமானது இன்னொன்று. பழைய சர்வரின் நல்ல பேக்கப்புகளையும் தேதி மாறாமல் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தேன். ஸ்கிரிப்டின் கடைசி வரி, 56 நாளுக்கு மேல் பழசானதை அழி என்பது. புது பேக்கப் எடுக்கும் வரி வாராவாரம் தோற்றது, பழையதை அழிக்கும் வரி வாராவாரம் ஜெயித்தது. நான் பார்த்தபோது நல்ல ஃபைல் ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த லெட்ஜரை நானும் அக்காவும் இரண்டு நாள் உட்கார்ந்து பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

சரி, ஏன் நடந்தது? கையால் ஓட்டும்போது ஓடியது கிரானில் ஏன் ஓடவில்லை? புது சர்வரில் பில்லிங் மென்பொருள் தன் டேட்டாபேஸையும் சேர்த்தே கொண்டுவந்து ஆப்ட் என்ற ஃபோல்டருக்குள் நிறுவிக்கொள்ளும். டேட்டாபேஸை ஃபைலாக எடுத்துத் தரும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையும் அங்கேதான் இருக்கும். அந்த வழியை, நான் லாகின் செய்ததும் படிக்கப்படும் பாஷ்ஆர்சி ஃபைலில், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறிக்குள் சேர்த்து வைத்திருந்தேன், அதனால் நான் லாகின் செய்து அடித்தால் கட்டளை கிடைக்கும். கிரான் அந்த ஃபைலைத் தொடவே தொடாது. அதற்குத் தெரிந்த பாத் இரண்டே இடம்தான், யுஎஸ்ஆர் பின் ஒன்று, பின் ஒன்று. ஆக கட்டளை கிடைக்கவில்லை, ஒரு பிழை வரியை எழுதிவிட்டு நின்றுவிட்டது. அதன் வெளியீட்டுக்காகக் குழாயின் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் இணைப்பு) அந்தப் பக்கம் காத்திருந்த ஜிசிப்போ, வந்தது வெறுமையாக இருந்தாலும் அதை ஒழுங்காகச் சுருக்கி, வெற்றி என்று சொல்லி முடித்துக்கொண்டது. குழாய் போட்ட கட்டளைகளில் கடைசியில் இருப்பது என்ன சொல்கிறதோ அதைத்தான் கட்டளைகளை ஓட்டும் ஷெல் முடிவாக எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பிழை வரியாவது எங்கே போனது? கிரான் பிழையை மெயிலில் அனுப்பப் பார்க்கும். இந்த சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருள் எதுவும் போடவில்லை. சர்வரின் பதிவேடான சிஸ்லாகைத் தேடினால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒரு வரி இருந்தது, மெயில் அனுப்ப ஆளில்லை, வெளியீட்டைத் தூக்கிப் போடுகிறேன் என்று. என்ன பிழை என்பதுகூட அதில் இல்லை.

இங்கே ஒன்று கவனித்தேன். இதே மாற்றத்தில் இருப்புப் பட்டியலும் கெட்டுப்போயிருந்தது, ஆனால் அது முதல் வாரமே தெரிந்துவிட்டது. புது சர்வரின் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) ஓடுகிறது. திங்கள் (1) மாலை 5 மணி (17) என்று நான் எழுதியிருந்த

0 17 * * 1

நம் நேரப்படி இரவு பத்தரைக்கு ஓடியது. முதலாளி அன்றைக்கே கூப்பிட்டார், "ஏனுங்க தம்பி, சந்தைக்கு வந்து உக்காந்தப்புறம் பட்டியல் வருதுங்க" என்று. யுடிசி 11:30 என்று மாற்றி அன்றே சரிசெய்தேன். பட்டியலுக்காக ஒருவர் காத்திருந்தார், அதனால் தெரிந்தது. பேக்கப்புக்காக யாரும் காத்திருக்கவில்லை. தினசரி வேலை கெட்டால் எங்கேயாவது கண்ணில் பட்டுவிடும், மணிக்கொரு தரம் ஓடுவது கெட்டால் அன்றைக்கே தெரியும், வாரம் ஒரு முறை அதுவும் விடுமுறை நாள் விடியற்காலையில் ஓடுவதை யார் பார்க்கிறார்கள்? இந்த முறை சரிசெய்யும்போது நான் முதலில் முடிவு செய்தது இதைத்தான்: பேக்கப்புக்காகவும் யாராவது காத்திருக்க வேண்டும்.

முதலில் ஸ்கிரிப்ட். எல்லாக் கட்டளைக்கும் முழு வழியை எழுதினேன். முதல் வரியில் பாஷ் என்று தெளிவாகப் போட்டேன், ஏனென்றால் உபுண்டுவில் வெறும் எஸ்ஹெச் என்றால் அது டாஷ் என்ற வேறொரு ஷெல், பாஷில் கிடைக்கும் சில வசதிகள் அதில் கிடையாது. அடுத்து பைப்ஃபெயில் என்ற அமைப்பை இயக்கினேன், குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் கணக்கு. பேக்கப்பை நேராக இறுதிப் பெயரில் எழுதாமல் தற்காலிகப் பெயரில் எழுதி, மூன்று சோதனை தேறினால்தான் பெயர் மாற்றம்: ஜிசிப்பின் சரிபார்ப்பு தேற வேண்டும், அளவு போன வாரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது, ஃபைலின் கடைசி வரியில் டம்ப் முடிந்தது என்ற குறிப்பு இருக்க வேண்டும். அந்தக் குறிப்பை மைஎஸ்கியூஎல்டம்ப் தானாகவே கடைசியில் எழுதும், பாதியில் அறுந்தால் அது வராது. பழையதை அழிப்பது இந்த மூன்றும் தேறிய பிறகுதான், அதுவும் நாள் கணக்கில் இல்லை, எண்ணிக்கைக் கணக்கில், நல்ல ஃபைல் எட்டு எப்போதும் இருக்க வேண்டும். இனி மூன்று மாதம் தொடர்ந்து தோற்றாலும் பழைய எட்டும் அப்படியே இருக்கும்.

கிரான் பார்க்கும் உலகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. ஐந்து நட்சத்திரம் போட்டு, அதாவது நிமிஷத்துக்கு ஒரு முறை, சூழல் மாறிகளைக் காட்டும் என்வ் கட்டளையின் வெளியீட்டை ஒரு ஃபைலில் எழுதச் சொல்லி ஒரு வரி சேர்த்து, ஒரு நிமிஷம் காத்திருந்து, ஃபைலைப் பார்த்துவிட்டு அந்த வரியை எடுத்துவிடலாம். நம் டெர்மினலில் நிறைய மாறிகள் இருக்கும், அங்கே விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை மாற்றிய அன்றே செய்திருந்தால் 20 பைட் கதையே இல்லை.

நேரக் கணக்கு அடுத்தது. பேக்கப் வரி

0 2 * * 0

என்று இருந்தது. நிமிஷம், மணி, மாதத்தின் நாள், மாதம், வாரத்தின் நாள், இதுதான் வரிசை. ஞாயிறு 0, 7 என்று போட்டாலும் ஞாயிறுதான். யுடிசியில் இது நமக்கு ஞாயிறு காலை ஏழரை. தீபாவளி நேரத்தில் அந்த நேரத்துக்குக் கடை திறந்திருக்கும். நமக்கு அதிகாலை 2 மணி வேண்டுமென்றால் ஐந்தரை மணி நேரம் பின்னால் போக வேண்டும், போனால் மணி மட்டுமில்லை, கிழமையும் மாறிவிடும்:

30 20 * * 6

யுடிசியில் சனிக்கிழமை இரவு எட்டரை. நம் நேரம் காலை ஐந்தரைக்கு முன்னால் வரும் எந்த வாராந்திர வேலைக்கும் இது பொருந்தும், கிழமையை ஒன்று குறைக்க மறந்தால் ஒரு நாள் முழுக்கத் தள்ளி ஓடும். சர்வரின் நேரத்தையே இந்திய நேரத்துக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும், மாற்றலாம், மாற்றிய பிறகு கிரானை ஒரு முறை நிறுத்தித் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அது பழைய நேரத்திலேயே போய்க்கொண்டிருக்கும். எங்கள் பில்லிங் மென்பொருள் லாகுகளை யுடிசியிலேயே எழுதுவதால் நான் மாற்றவில்லை.

இங்கே தேதி சேர்த்துப் பெயர் வைக்கும் வழக்கம் பற்றியும் ஒன்று. கிரான்டேப் வரிக்குள்ளேயே சதவீதக் குறி போட்டுத் தேதி எழுதினால் கிரான் அந்தக் குறியை அடுத்த வரி என்று எடுத்துக்கொள்ளும், கட்டளை அங்கேயே வெட்டுப்படும். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டால் சரியாகும். நான் தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் தள்ளிவிட்டேன், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

இடையில் கிரான்.வீக்லி என்ற தயார் ஃபோல்டரையும் முயன்று பார்த்தேன், ஃபைலைப் போட்டால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். உபுண்டுவில் அது ஞாயிறு 6:47-க்கு ஓடும். ஆனால் ஃபைல் பெயரில் புள்ளி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளாமல் தாண்டிப் போய்விடும், கடைசியில் எஸ்ஹெச் ஒட்டு வைத்துப் பெயரிட்ட ஸ்கிரிப்ட் ஒருநாளும் ஓடாது, பிழையும் சொல்லாது. ரன்-பார்ட்ஸ் கட்டளையை டெஸ்ட் என்று கொடுத்து ஓட்டினால் எதையெல்லாம் ஓட்டும் என்று பட்டியல் காட்டும். பார்த்தேன், என் ஃபைல் பட்டியலில் இல்லை. விட்டுவிட்டேன்.

அப்புறம் மீட்டுப் பார்க்கும் சோதனை. பேக்கப் இருக்கிறது என்றால் போதாது, அதிலிருந்து டேட்டாபேஸ் எழுந்து வருகிறதா என்று மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். முதல் ஞாயிறு என்று வைத்தேன். மாதத்தின் நாள் 1 முதல் 7, கிழமை ஞாயிறு, இரண்டும் சேர்ந்தால் முதல் ஞாயிறுதானே என்று எழுதினேன்:

30 2 1-7 * 0

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி டெலிகிராமில் சோதனை முடிந்தது என்று செய்தி வந்தது. இரண்டாம் தேதியும் வந்தது. மூன்றாம் தேதியும். ஏழு நாளும் வந்து, அதன் பிறகு வந்த ஞாயிறும் வந்தது. கிரானில் மற்ற கட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஓடும், இந்த இரண்டு கட்டங்களையும் நிரப்பினால் மட்டும் இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். பால் விக்ஸி 1987-ல் எழுதிய கிரானின் வழிவந்ததுதான் உபுண்டுவில் இன்றும் ஓடுகிறது, அதன் கையேட்டிலேயே இந்த விதி எழுதியிருக்கிறது, நான் படித்திருந்தும் மனதில் நிற்கவில்லை.

வழக்கமான மாற்று வழி, கிழமையை மட்டும் கிரானில் வைத்துவிட்டுத் தேதி 7-க்குள் இருக்கிறதா என்று கட்டளையில் பார்ப்பது. அதிலும் எனக்கு யுடிசி குறுக்கே வந்தது. அதிகாலை ஓட வேண்டுமென்றால் அது யுடிசியில் சனி. முதல் ஞாயிறு ஒன்றாம் தேதியாக வந்தால் சர்வருக்கு அன்று முந்தைய மாதத்தின் கடைசி நாள், சோதனை தேறாது. ஆக தேதி கேட்கும்போது மட்டும் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றிக் கேட்க வேண்டும். எழுதினேன், ஓடியது, ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த வரியைத் திறந்து பார்க்கும்போது எனக்கே புரியுமா என்று சந்தேகமாக இருந்தது.

அதனால்தான் லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமருக்கு மாறினேன். ஒரு வேலைக்கு இரண்டு ஃபைல் எழுத வேண்டும், என்ன செய்வது என்று ஒரு சர்வீஸ் ஃபைல், எப்போது என்று ஒரு டைமர் ஃபைல். ஒரே வரி கிரானோடு ஒப்பிட்டால் கூடுதல் எழுத்து வேலைதான். ஆனால் நேரம் இப்படி எழுதலாம், ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், இங்கே தமிழில் காட்டுகிறேன்:

சன் *-*-01..07 02:00:00 ஏசியா/கொல்கத்தா

கிழமையும் தேதியும் இரண்டுமே பொருந்தினால்தான் ஓடும். நேர மண்டலத்தை அந்த வரியிலேயே சொல்லிவிடலாம். ஐந்தரை மணி நேரம் கழித்துக் கிழமையைக் குறைக்கும் வேலையே கிடையாது. சிஸ்டம்டி-அனலைஸ் காலண்டர் என்று இந்த வரியைக் கொடுத்து, ஐந்து முறைக்கான தேதி காட்டு என்றால் அடுத்த ஐந்து மாதத்து முதல் ஞாயிறுகளைப் பட்டியலாகக் காட்டும். சுவர் காலண்டரை எடுத்து வைத்து ஐந்தையும் ஒப்பிட்டேன், ஐந்தும் சரி. வாராந்திர வேலையில் பெரிய சிரமமே எழுதியது சரியா என்று தெரிய ஒரு வாரம் ஆவதுதான், இங்கே அரை நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. இன்னொன்று, சர்வீஸை மட்டும் இப்போதே ஓட்டு என்றால் ஞாயிறு எந்தச் சூழலில் ஓடுமோ அதே சூழலில் ஓடும், என் பாஷ்ஆர்சி அங்கே எட்டிப் பார்க்காது. வெளியீடு எல்லாம் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் தங்கும், மெயில் இல்லையென்று தொலையாது. மூன்று வேலைகளையும் மாற்றிவிட்டேன்.

கிரான் கெட்டது என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு சர்வரில் அதைத்தான் வைத்திருக்கிறேன். அங்கே கிரான்டேபை நேராகத் திருத்துவதில்லை, ஒரு ஃபைலில் எழுதி, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் வைத்துவிட்டு அதிலிருந்து ஏற்றுகிறேன், ஏனென்றால் கிரான்டேபைத் திருத்தும் இ எழுத்துக்குப் பக்கத்து விசையே முழுவதையும் அழிக்கும் ஆர், கேட்காமலே அழித்துவிடும்.

கடையிலும் ஒரு நகல் இருக்கட்டும் என்று கடைக் கம்ப்யூட்டரில் நாலாவதாக ஒரு வேலை வைத்தேன். சர்வர் தள்ளுவதில்லை, கடைக் கம்ப்யூட்டர் போய் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் எடுத்துக்கொள்கிறது, சர்வர் யார் கையிலாவது சிக்கினாலும் கடையிலுள்ள நகலைத் தொட முடியாது. இதில் வேறு சிக்கல். அந்தக் கம்ப்யூட்டர் இரவில் அணைந்திருக்கும், ஞாயிறும் பெரும்பாலும் அணைந்திருக்கும், திங்கள் காலை என்று வைத்தால் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் திங்களாக வந்தால் போச்சு. கிரான் தவறிய நேரத்தைத் திரும்பிப் பார்க்காது. டைமரில் பெர்சிஸ்டென்ட் என்பதை இயக்கினால் கடைசியாக எப்போது ஓடியது என்று குறித்து வைத்துக்கொண்டு, இடையில் ஒரு முறை தவறியிருந்தால் கம்ப்யூட்டர் எழுந்தவுடன் ஓட்டிவிடும்.

முதல் திங்கள் அது எழுந்தவுடன் ஓடியது, வைஃபை இணையும் முன்பே ஓடியது, தோற்றது. தோற்றாலும் ஓடியதாகத்தான் குறித்துக்கொள்ளும், அடுத்த முயற்சி அடுத்த வாரம்தான். அதனால் சர்வீஸ் ஃபைலில் நெட்வொர்க் வந்த பிறகு தொடங்கு என்றும், தோற்றால் ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி முயற்சி செய் என்றும் சேர்த்தேன். இரண்டாவது திங்கள் வைஃபையை வேண்டுமென்றே பிடுங்கி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். இரண்டு முறை தோற்று, வைஃபையைத் திரும்பச் செருகியபின் மூன்றாவது முறை 38 எம்பியும் வந்து சேர்ந்தது.

கடைசியாக, காத்திருக்கும் ஆள். தோற்றால் செய்தி அனுப்பு என்று மட்டும் வைத்தால், சர்வரே படுத்துவிட்டால் அந்தச் செய்தியும் வராது. அதனால் தலைகீழாக வைத்தேன். பேக்கப் ஸ்கிரிப்ட் எல்லாச் சோதனையும் தேறிய பிறகு கடைசி வரியில் கர்ல் என்ற இணையக் கட்டளை மூலம், வேலைகள் நேரத்துக்கு ஓடுகின்றனவா என்று கண்காணிக்கும் ஹெல்த்செக்ஸ் சேவைக்கு ஒரு தட்டுத் தட்டும். ஏழு நாள், அதற்கு மேல் ஆறு மணி நேரம் சலுகை, அதற்குள் தட்டு வரவில்லையென்றால் அங்கிருந்து என் போனுக்கு எச்சரிக்கை வரும். டைமரை நிறுத்தி வைத்து ஒரு ஞாயிறு சோதித்தேன், காலை எட்டு மணிக்குச் சரியாக வந்தது.

இதைச் சொன்னபோது அக்கா, எனக்கும் ஏதாச்சும் வருமாங்க என்று கேட்டார். அவருக்கு எச்சரிக்கையை விட நல்ல செய்தி போவதுதான் சரி என்று பட்டது. இப்போது வாராவாரம் ஸ்கிரிப்ட் தான் எடுத்த பேக்கப் ஃபைலைத் திறந்து, உள்ளே கடைசியாக இருக்கும் பில் எண்ணையும் தேதியையும் எடுத்து, அளவையும் சேர்த்து, டெலிகிராமில் அவருக்கு ஒரு வரி அனுப்புகிறது. சனி இரவு கடையைப் பூட்டும்போது போட்ட பில் எண் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஞாயிறு காலை பல் துலக்கிவிட்டு முதல் வேலையாக அதைத்தான் பார்க்கிறாராம். ஒன்பது வாரமாக ஞாயிறு தவறாமல் எனக்கு அவரிடமிருந்து பதில் வந்துகொண்டிருக்கிறது. போன வாரம் வந்தது: "சரியா இருக்குதுங்க தம்பி, சனிக்கிழமை கடைசி பில்லு அதேதானுங்க."